ரட்சிக்கப்பட்ட தேதி தெரியவில்லை, என்ன செய்ய? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, இவாஞ்சலிக்கல் விசுவாசத்தின் மையம் ரொம்பச் சிறியது, நம் குமரி மாவட்டத்தில் சபைக்குச் சபை சண்டை போடுவதெல்லாம் பெரும்பாலும் அந்த மையத்துக்கு வெளியே உள்ள விஷயங்களுக்காகத்தான் என்று எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு அருமனையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யார் பெயரும் போடவில்லை. ஊர் மட்டும்.

கல்லூரி மாணவி, கருங்கல்: ஐயா, நாங்கள் பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆட்கள். ஹாஸ்டலில் கூட இருக்கிற பெண்கள் "நீ சி.எஸ்.ஐ. தானே, அப்போ இவாஞ்சலிக்கல் கிடையாது" என்கிறார்கள். அது தனி சபையா?

தனி சபை கிடையாது மக்களே. பல சபைகளுக்குள்ளும் ஓடுகிற ஒரு விசுவாசம் அது. சி.எஸ்.ஐ.யிலும் உண்டு, லுத்தரன் சபையிலும் உண்டு, இரட்சணிய சேனையிலும், பிரதரன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளிலும் உண்டு. டேவிட் பெபிங்டன் என்கிற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1989இல் இவர்களை அடையாளம் காண நான்கு விஷயம் சொன்னார், இன்றைக்கும் எல்லாரும் அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்: வேதாகமத்துக்கு மேலான அதிகாரம் கொடுப்பது, கிறிஸ்துவின் சிலுவை மரணத்தை எல்லாவற்றுக்கும் நடுவில் வைப்பது, மனிதன் மனந்திரும்பிப் புதிதாகப் பிறக்க வேண்டும் என்பது, அந்த விசுவாசம் சும்மா இராமல் சொல்லிலும் செயலிலும் வெளியே வர வேண்டும் என்பது. இதற்கு அடியில் திரித்துவம், இயேசு முழு தேவனும் முழு மனிதனுமானவர், அவர் சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார், திரும்ப வருவார் என்பதெல்லாம் இருக்கிறது. ஆனால் அவை ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லுகிற விசுவாசப் பிரமாணத்திலேயே இருப்பவை, கத்தோலிக்கரும் சிரியன் சபையாரும் சேர்ந்து அறிக்கையிடுபவை.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மயிலாடி வேதமாணிக்கம் தஞ்சாவூர் போன இடத்தில் சுவிசேஷத்தைக் கேட்டு, திரும்பி வந்து, தன் ஜனங்களுக்குப் போதிக்க ஒரு ஆள் வேண்டும் என்று மன்றாடியதன் பேரில்தான் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவர் ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர். தரங்கம்பாடிக்கு சீகன்பால்குவை அனுப்பிய பக்தி இயக்கத்தின் ஊர் அது. ரிங்கல்தௌபேயை இங்கே அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். 1795இல் தொடங்கிய அந்தச் சங்கம் அடுத்த வருஷமே ஒரு அடிப்படைத் தீர்மானம் எடுத்தது: நாங்கள் எந்த ஒரு சபைப் பிரிவின் ஒழுங்கையும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம், சுவிசேஷத்தை மட்டும்தான் கொண்டுபோவோம், அங்கே விசுவாசிக்கிற ஜனங்கள் தங்கள் சபை ஒழுங்கைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று. இதை நான் நினைக்காத நாள் இல்லை. எந்தப் பிரிவையும் நட்டுவைக்க மாட்டோம் என்று முடிவு எடுத்துவிட்டு வந்தவர்கள் விதைத்த மண்ணில், இன்றைக்கு ஒரே தெருவில் நாலு போர்டு மாட்டிக்கொண்டு, எதிர் வீட்டுக்காரன் பரலோகம் போவானா என்று கணக்குப் பார்க்கிறோம். அந்த விதையிலிருந்து வளர்ந்த உன் சபையின் வேர் இவாஞ்சலிக்கல் வேர்தான். அந்த விசுவாசம் உனக்குள் இருக்கிறதா என்பதை சபைப் பதிவேட்டில் பார்க்க முடியாது, அது வேறே கேள்வி, அடுத்த கடிதத்தில் வருகிறது.

வாசகி, தக்கலை: கன்வென்ஷனுக்கு வந்த ஒரு ஊழியர் "அம்மா, நீங்கள் எந்தத் தேதியில் ரட்சிக்கப்பட்டீர்கள்?" என்று கேட்டார். எனக்கு அப்படி ஒரு தேதி இல்லை. சின்ன வயதிலிருந்தே இயேசுவை நம்புகிறேன். "தேதி தெரியாவிட்டால் நீங்கள் இன்னும் ரட்சிக்கப்படவில்லை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

அம்மா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள், அப்புறம் மீதியைப் பேசலாம்.

"ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்" என்று இயேசு நிக்கொதேமுவிடம் சொன்னது உண்மை. அதை நாம் தண்ணீர் ஊற்றிக் கலக்கக் கூடாது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன், தாத்தா உபதேசியார், அப்பா சேகரக் கமிட்டியில் இருந்தார் என்பதெல்லாம் யாரையும் ரட்சிக்காது. அந்த ஊழியர் அதைச் சொல்ல வந்திருந்தால், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிக்கொதேமுவிடம் இயேசு தேதி கேட்கவில்லையே! காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று உனக்குத் தெரியாது, ஆவியினால் பிறந்தவனும் அப்படியே என்றல்லவா அதே இடத்தில் சொன்னார்?

தேதி சொல்ல முடிந்தவர்கள் உண்டு. பவுலுக்குத் தமஸ்குவுக்குப் போகிற வழியில் அது நடந்தது. ஜான் வெஸ்லி 1738 மே 24 இரவு ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டபோது தன் இருதயம் அனலானது என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அப்போது அவர் குருப்பட்டம் பெற்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, மிஷனரியாக அமெரிக்காவுக்கும் போய் வந்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். ஆனால் தீமோத்தேயு? பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், அவர்களிடமிருந்த விசுவாசம் இவனிடத்திலும் இருக்கிறது என்றும், சிறு வயதுமுதல் வேத எழுத்துகளை அறிந்தவன் என்றும் மட்டும்தான் பவுல் எழுதுகிறார். தேதி எங்கும் இல்லை.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? நான் பாவி, என் நல்ல குணமும் என் ஜெபமும் என் காணிக்கையும் என்னை தேவனுக்கு முன்னால் நிறுத்தாது என்று ஒத்துக்கொள்கிறீர்களா? கிறிஸ்து என் இடத்தில் நின்று, எனக்கு வர வேண்டிய தீர்ப்பைச் சிலுவையில் தன்மேல் ஏற்றுக்கொண்டார், மூன்றாம் நாள் எழுந்தார், இன்றைக்கும் உயிரோடிருக்கிறார் என்று நம்புகிறீர்களா? அவரையே சார்ந்திருக்கிறீர்களா? பாவம் செய்தால் மனது உறுத்துகிறதா, அவரிடம் திரும்பிப் போகத் தோன்றுகிறதா? "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்பது எபேசியர் நிருபம். இவ்வளவுதான் அம்மா மையம், நான் சிறியது என்று எழுதியது இதைத்தான். பிறந்த தேதி மறந்துபோன எத்தனையோ பாட்டிமார் நம் ஊர்களில் நூறு வயதுக்குப் பக்கத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் பிறந்ததை யாரும் சந்தேகப்படுவதில்லை.

கூட்டத்தில் கை தூக்கியவர்களை, முன்னால் வந்து முழங்கால் போட்டவர்களை எண்ணி நோட்டில் எழுதுகிற வழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை தூக்குவது தப்பில்லை. ஆனால் கை தூக்கியதையே மறுபிறப்பு என்று ஊழியர்கள் சான்றிதழ் கொடுக்கும்போது, ஒருபக்கம் உங்களைப் போன்றவர்கள் தூக்கம் கெடுகிறார்கள், மறுபக்கம் கை தூக்கியவன் மறுநாள் வீட்டில் பெண்டாட்டியை அடித்துக்கொண்டே "நான் ரட்சிக்கப்பட்டவன்" என்கிறான்.

வாசகர், குலசேகரம்: அப்பா ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். கோவிலுக்கு வந்ததே இல்லை. போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பால் கறை போகாத விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிலுவையில கிடந்த கள்ளனப் பற்றி வாசிச்சியே, அத ஒருக்கா கூட வாசி" என்பார். ஞானஸ்நானம் எடுக்குமுன் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்த ஒரு பாஸ்டர் "ஞானஸ்நானம் இல்லை, அதனால் நம்பிக்கை இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அம்மா இடிந்துபோய் இருக்கிறார்.

தம்பி, அந்தப் பாஸ்டர் சொன்னது வேதத்தில் இல்லை. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

உங்களிடம் மழுப்ப மாட்டேன். கிறிஸ்துவைத் தவிர வேறொருவராலும் ரட்சிப்பு இல்லை என்று அப்போஸ்தலர் நான்காம் அதிகாரம் சொல்வதை நாங்கள் அப்படியே விசுவாசிக்கிறோம். எல்லாரும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்று ஆறுதலுக்காகச் சொல்கிற ஆள் நான் இல்லை. நியாயத்தீர்ப்பு உண்டு, நரகம் உண்டு. ஆனால் உங்கள் அப்பா கேட்டது எந்தக் கதையை என்று பாருங்கள். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் அறையப்பட்ட அந்தக் கள்ளன் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. ஒரு ஆராதனைக்கும் போனதில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்குக் கை கூட விடுதலையாக இல்லை. "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்றான், அவ்வளவுதான். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று பதில் வந்தது. நாளைக்கு என்றில்லை, இன்றைக்கு.

அப்பாவின் உள்ளத்தில் என்ன நடந்தது என்று நானோ நீங்களோ அந்தப் பாஸ்டரோ பார்க்கவில்லை. ஆனால் சாகக் கிடக்கிற ஒரு மனிதர் திரும்பத் திரும்ப அந்த ஒரு பகுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார் என்றால், அவர் யார் இடத்தில் தன்னை வைத்துக் கேட்டார் என்று யோசியுங்கள். விசுவாசம் கேள்வியினால், அதாவது காதால் கேட்பதினால், வரும் என்று ரோமர் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் வாசித்தீர்கள், அவர் கேட்டார். மீதியை நீதியுள்ள, இரக்கமுள்ள ஒருவர் கையில் விட்டுவிடலாம். தீர்ப்பு சொல்லும் வேலையை அவர் எந்தப் பாஸ்டருக்கும் கொடுக்கவில்லை.

இளைஞர், மார்த்தாண்டம்: குழந்தையில் தெளித்த ஞானஸ்நானம் செல்லாது, முழுக்கு எடுத்தால்தான் செல்லும் என்கிறார்கள். சபை மாற வேண்டுமா?

வேண்டாம். இரண்டு பக்கமும் வேதத்தை மதிக்கிற இவாஞ்சலிக்கல் ஆட்கள் நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். விசுவாசித்து அறிக்கையிட்ட பிறகே ஞானஸ்நானம் என்கிறவர்களுக்கும், உடன்படிக்கையின் அடையாளமாகக் குழந்தைக்குக் கொடுத்து, வளர்ந்தபின் திடப்படுத்தலில் அவன் தானே அறிக்கையிடட்டும் என்கிறவர்களுக்கும் காரணம் இருக்கிறது. எனக்கு என்று ஒரு அபிப்பிராயம் உண்டு, ஆனால் இதற்காகக் குடும்பம் பிரிந்து அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தம்பி போகாமல் இருக்கிற நிலைமையைப் பார்த்தபின் அதை இங்கே எழுத மனமில்லை.

வாசகி, கோட்டாறு: நான் சி.எஸ்.ஐ., வீட்டுக்காரர் ஆர்.சி. அவர் ஜெபமாலை சொல்கிறார், நான் வேதம் வாசிக்கிறேன். எங்களுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம்? எங்கள் பாஸ்டர் அவரைக் கிறிஸ்தவர் இல்லை என்கிறார்.

அக்கா, திரித்துவம், கன்னியிடம் பிறப்பு, சிலுவை, உயிர்த்தெழுதல், இரண்டாம் வருகை, இவை இருவருக்கும் ஒன்று. வித்தியாசம் இல்லை என்று சொல்லவும் மாட்டேன், இருக்கிறது. கத்தோலிக்க சபை வேதத்தோடு சபைப் பாரம்பரியத்துக்கும் போதக அதிகாரத்துக்கும் இடம் கொடுக்கிறது. நாங்கள் வேதமே கடைசித் தீர்ப்பு என்கிறோம். மாதாவையும் புனிதர்களையும் பரிந்து பேசும்படி கேட்பது அவர்கள் வழக்கம். தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று நாங்கள் நேரே அவரிடம் போகிறோம். மனிதன் எப்படி நீதிமானாகிறான் என்பதில்தான் 1517க்குப் பிறகு பெரிய பிளவே வந்தது, அதிலும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, கிருபையினால்தான் என்பதில் எங்களுக்குள் அடிப்படை உடன்பாடு உண்டு என்றார்கள். எல்லா இவாஞ்சலிக்கல் ஆட்களும் அதோடு திருப்திப்படவில்லை, எனக்கும் சில இடங்களில் இடிக்கிறது. ஆனால் காட்டாடிமலையில் இயேசுவை மறுதலிக்காமல் உயிரைக் கொடுத்த கத்தோலிக்கரான தேவசகாயம் பிள்ளையின் மாவட்டத்தில் இருந்துகொண்டு, கத்தோலிக்கர் என்பதற்காகவே ஒருவரைக் கிறிஸ்தவர் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சங்கீதம் வாசியுங்கள். அதற்கு எந்தச் சபையிலும் தடை கிடையாது.

வாசகர், நெய்யூர்: கிருபை மட்டும் போதும், கிரியை வேண்டாம் என்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்று ஆகிவிடாதா?

இந்தக் கேள்வியை பவுலிடமே கேட்டிருக்கிறார்கள், ரோமர் ஆறாம் அதிகாரம் அதற்குத்தான். கிரியையினால் ரட்சிப்பு வராது, ரட்சிப்பு வந்த இடத்தில் கிரியை வராமல் இராது. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதும் அதே வேதத்தில்தான் இருக்கிறது.

நெய்யூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! உங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், முதல் பயணம் முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தபோது உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் கிடைக்க இருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே வந்து வருஷக்கணக்காக அறுவை சிகிச்சை செய்தார். புண்ணியம் சேர்த்துப் பரலோகம் வாங்கவா வந்தார்? ஏற்கெனவே இலவசமாகக் கிடைத்துவிட்டது என்று நம்பியவர் அப்படித்தான் ஓடுவார். தோள்சீலைப் போராட்டமும் அப்படியே. தேவசாயலில் படைக்கப்பட்டவள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பெண் மார்பை மூடாமல் தெருவில் நடக்க மறுத்தாள், அடிபட்டாள், கடைசியில் 1859இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து ஆணை போட வேண்டியதாயிற்று.

அதே கையோடு இதையும் எழுதாவிட்டால் என் மனசாட்சி விடாது. அந்தச் சரித்திரத்தை மேடையில் பேசிவிட்டு, பிள்ளைக்கு வரன் தேடும்போது "நம்ம ஆளுங்க மட்டும்" என்கிறோம். சபைத் தேர்தலில் ஜாதி பார்த்து ஓட்டுப் போடுகிறோம். கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று என்பது கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விசுவாசிக்கிறேன் என்று ஒருவர் சொல்வாரானால், அவர் வேதத்தின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாக நான் நினைக்கவில்லை.

வாசகர், குளச்சல்: சுனாமியும் ஒக்கிப் புயலும் எங்கள் கடற்கரை ஜனங்களின் பாவத்துக்குத் தண்டனை, கடைசி காலத்து அடையாளம் என்று ஒருவர் பிரசங்கித்தார். அப்படியா?

இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உட்கார்ந்திருக்கிற ஊரில் இதைப் பேச எப்படி நாக்கு எழுந்தது என்று தெரியவில்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, இவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார், லூக்கா 13. உயிரோடிருக்கிற நாம் மனந்திரும்ப வேண்டும் என்பதுதான் அங்கே அவர் எடுத்த பாடம், செத்தவர்களைக் குற்றம் சாட்டுவது அல்ல.

கிறிஸ்து திரும்ப வருவார் என்பது எங்கள் விசுவாசம், அதில் ஊசலாட்டம் இல்லை. ஆயிர வருட அரசாட்சிக்கு முன்பா பின்பா, சபை, அதாவது விசுவாசிகள், வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவது எப்போது என்பதில் இவாஞ்சலிக்கல் ஆட்களே பல கட்சி. கடைசிக் காலத்து உபத்திரவத்துக்கு முன்பே சபை ரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனை பரவியது 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியின் காலத்திலிருந்துதான். நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவனும் அறியான் என்று மத்தேயு 24இல் இருக்கும்போது, வருஷம் குறித்துக் கொடுக்கிறவர்களை நம்பி நிலத்தை விற்காதீர்கள்.

வாசகி, திங்கள்நகர்: விதை காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று டிவியில் ஒரு ஊழியர் சொன்னதைக் கேட்டு நகையை அடகு வைத்து அனுப்பினேன். கடன் கூடிவிட்டது. என் விசுவாசம் குறைவு என்கிறார்கள்.

உங்கள் விசுவாசத்தில் குறை இல்லை அம்மா, போதனையில்தான் குறை. இனி ஒரு பைசா அனுப்ப வேண்டாம். 2010இல் கேப்டவுனில் கூடிய லௌசான் மாநாட்டில் உலகம் முழுவதிலிருந்தும் வந்த இவாஞ்சலிக்கல் தலைவர்கள் வெளியிட்ட அறிக்கையே, இந்தச் செழிப்பு உபதேசம் வேதத்தைத் திரிக்கிறது என்று மறுத்திருக்கிறது. மாம்சத்தில் முள்ளை எடுத்துப்போடும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் கிடைத்தது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? நகையை மீட்கிற வழியை முதலில் பாருங்கள், வட்டி ஏற விடாதீர்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாசகர், சுசீந்திரம்: நான் இந்து. உங்கள் பகுதியைத் தவறாமல் படிப்பேன். உங்கள் நம்பிக்கை உங்களுக்கு, எங்கள் நம்பிக்கை எங்களுக்கு என்று இருக்கக் கூடாதா? ஏன் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும்?

அண்ணாச்சி, நேராகக் கேட்டதற்கு நன்றி. சீஷராக்குங்கள் என்பது இயேசுவின் கட்டளை, மத்தேயு 28. இதை விட்டுவிட்டால் நாங்கள் இவாஞ்சலிக்கலாக இருக்க முடியாது. எனக்குக் கிடைத்தது எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்கிற ஆசைதான் அதற்கு அடியில் இருப்பது. உங்களுக்கு அது எரிச்சலாக இருக்கலாம், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் சொல்வது வேறு, வற்புறுத்துவது வேறு. காசு கொடுத்து, பயம் காட்டி, அடுத்தவர் தெய்வத்தை இழிவாகப் பேசி ஒருவரை இழுத்தால் அங்கே விசுவாசமே உண்டாகாது, ஏனென்றால் புதுப் பிறப்பு ஆவியானவரின் வேலை என்றல்லவா நாங்கள் சொல்கிறோம், மனிதன் தள்ளி உண்டாக்குகிற காரியமா அது? வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் வாசலிலிருந்து மரியாதையாகத் திரும்பிப் போக வேண்டியது எங்கள் கடமை. 1982இல் மண்டைக்காட்டில் தொடங்கிய இந்து-கிறிஸ்தவக் கலவரத்தில் இந்த மாவட்டம் பட்டது இரண்டு பக்கத்து வீடுகளிலும் இன்னும் ஆறாமல் கிடக்கிறது. அதை மறந்துவிட்டு மைக் பிடிக்கிற எவரும், எங்கள் பக்கத்தவராக இருந்தாலும், என் ஆதரவோடு பேசவில்லை.

வாசகி, பூதப்பாண்டி: வேதத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன், லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். எங்கிருந்து வாசிக்க? கண் பார்வையும் மங்கல்.

பெரிய எழுத்து வேதாகமம் கிடைக்கிறது, இந்திய வேதாகமச் சங்கத்தின் புத்தகக் கடையில் கேளுங்கள். கனமாக இருந்தால் தனித்தனிச் சுவிசேஷப் புத்தகமாகவே வாங்கிக்கொள்ளலாம். மாற்கிலிருந்து தொடங்குங்கள், பதினாறே அதிகாரம், நாளைக்கு ஒன்று வீதம் போதும். அப்புறம் யோவான், அதற்குப் பிறகு ரோமர் எட்டாம் அதிகாரம் வரை. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள், நான் இங்கே எழுதியதையும் அப்படி ஒத்துப்பாருங்கள். இடிக்கிற இடத்தைப் பென்சிலால் குறித்து அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். லேவியராகமம் எங்கேயும் போகாது, எபிரெயர் நிருபம் முடித்தபின் அதற்குத் திரும்பி வாருங்கள்.